காளையின் பின்பாதி

மே 2, வெள்ளி

திருநெல்வேலிப் பொருட்காட்சியில் மாமாவின் டெல்லி அப்பளக் கடைக்கு வந்து சேர்ந்தேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஊர் ஊராகப் பொருட்காட்சி போகிறவர். டெல்லிக்குப் போனதில்லை. அப்பளம் மதுரையிலிருந்து வருகிறது.

வருடக்கணக்கில் கூட்டத்தைப் பார்த்துக் கத்தியதில் மாமாவின் தொண்டையில் ஏதோ வளர்ந்துவிட்டது. டாக்டர் அதை வெட்டி எடுத்துவிட்டு, இனிமேல் சத்தம் போட்டால் குரலே போய்விடும் என்று சொல்லிவிட்டார். இப்போது மாமா எல்லாவற்றையும் ரகசியம் போலத்தான் சொல்கிறார். “வாங்க, சூடா அப்பளம்” என்று அவர் ரகசியமாகக் கூப்பிட்டால் பெண்கள் பயந்து விலகிப் போகிறார்கள்.

“ஏட்டி பிரமு, நீ கடை முன்னால நின்னு ஆளக் கூப்பிடணும். அவ்வளவுதான் வேல” என்றார்.

தலையாட்டினேன்.

“தலைய ஆட்டுனா ஆளு வருமா? பொருட்காட்சி முடியதுக்குள்ள நீ வாயத் தொறக்கல, உங்க அம்மைட்ட சொல்லி மில்லுக்கு அனுப்பிருவேன். அங்க மிசின் சத்தத்துல யாரும் பேசவே வேண்டாம். உனக்குத் தோதா இருக்கும்.”

எங்கள் தெருவிலிருந்து மில் விடுதிக்குப் போன அக்கா ஒருத்தி தீபாவளிக்கு வந்திருந்தாள். எங்கள் வீட்டு வாசலில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

கடைக்கு முன்னால் நின்று வாயைத் திறந்து பார்த்தேன். காற்று வந்தது.

இது என்னுடைய ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டு. நிறையப் பக்கம் மிச்சம் இருக்கிறது. வயிற்றுவலியால் படிப்பை நிறுத்திவிட்டேன். முதலில் ஒரு திங்கட்கிழமை பிரேயரில் வந்தது. அப்புறம் எல்லாத் திங்கட்கிழமையும் வந்தது. பிறகு செவ்வாய்க்கும் பரவியது.

மே 4, ஞாயிறு

எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் நிற்க மாமா அனுமதித்தார், கொஞ்ச நாளைக்கு மட்டும். எனக்கு அந்த இடம் பிடித்திருக்கிறது. முன்னால் நெருப்பு, பின்னால் தகரம். யாரும் கிட்டே வர முடியாது.

அந்தத் தகரத்துக்கு அந்தப் பக்கம்தான் கலையரங்க மேடை. நட்டு கழன்ற இடத்தில் தகரம் விலகி ஒரு இடுக்கு இருக்கிறது. அதில் கண்ணை வைத்தால் மேடையின் ஓரம் கொஞ்சம் தெரிகிறது. சாயங்காலம் தஞ்சாவூர்க் குழுவின் மாடாட்டம். ஒரே காளைக்குள் இரண்டு பேர். முன்னால் இருப்பவர் தலையைத் தூக்கி ஆடுவார். பின்னால் இருப்பவர் குனிந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆடுவார். மேலே வெள்ளைத் துணி, சலங்கை, வால்.

என் இடுக்கில் பின்பாதி மட்டும்தான் தெரிந்தது.

அந்தக் கால்களை எப்படி எழுதுவது? தவில் அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அடி வரப்போவது அவற்றுக்குத் தெரிந்திருந்தது. நடுவில் ஒருமுறை இடது கால் தூக்கி வலது கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டது. ஈ கடித்தால் மாடு செய்யுமே, அதே மாதிரி. யாருக்காகவும் செய்த மாதிரி இல்லை. அந்தப் பக்கம் ஜனங்கள் கைதட்டியது தலைக்கு. தலை கண்ணடித்ததாம். பக்கத்துப் பஜ்ஜிக் கடை அக்கா சொன்னாள்.

மே 5, திங்கள்

இன்றும் பார்த்தேன். மூன்று அப்பளம் கருகிவிட்டது.

மே 7, புதன்

மேடைக்குப் பின்வாசல் என்பது ஒரு தகரக் கதவு. அது எங்கள் கடைக்குப் பக்கவாட்டில்தான் இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் அங்கே கூட்டம் கூடுகிறது. காளைத் தலையை இடுப்பில் குழந்தையை வைத்திருப்பது போல வைத்துக்கொண்டு முன்னங்கால்காரர் வெளியே வருகிறார். துரைக்கண்ணு என்று பெயர். மீசை. எல்லாரும் தலையோடு செல்பி எடுக்கிறார்கள்.

“கொம்பப் புடிக்காதீங்க தம்பி, கொம்பு நம்ம சொத்து” என்கிறார். ஒவ்வொரு செல்பிக்கும் அதையே சொல்கிறார். ஒவ்வொரு முறையும் எல்லாரும் சிரிக்கிறார்கள்.

நான் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றேன். பின்னங்காலைப் பார்க்க வேண்டும். ஆனால் முகம் தெரியாதே. கைலி கட்டிய ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். நான் எல்லார் காலையும் பார்த்தேன். ஒருவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கடைசியில் ஒருவர் வந்து கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தார். ஒல்லி, முன்வழுக்கை. பார்த்தால் தாலுகா ஆபீசில் வேலை செய்கிறவர் போல இருந்தார். இடது கால் எழுந்து வலது கெண்டையைச் சொறிந்தது.

அவர்தான். சொல்ல வேண்டியதை நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். கிட்டே போனேன். வாயைத் திறந்தேன்.

“அப்பளம் வேணுமா?”

அவர் தரையைப் பார்த்துத் தலையாட்டினார். கொண்டுவந்து கொடுத்தேன். முழுவதும் தின்றார். நானும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு எறும்பு போய்க்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

மே 8, வியாழன்

“அப்பளம் வேணுமா?” என்றேன். தலையாட்டினார். தின்றார். எறும்பு இல்லை.

மே 10, சனி

அவர் பெயர் கலியமூர்த்தி என்று தெரிந்துகொண்டேன். துரைக்கண்ணு அவரை அப்படிக் கூப்பிடுவதில்லை. “ஏய் பின்னாடி, செருப்ப எடு” என்கிறார். எனக்கு ஆத்திரமாக வந்தது. உலகத்திலேயே நன்றாக ஆடுகிற ஒரு மனிதரை ஒரு துணிக்குள் குனிய வைத்து யார் கண்ணிலும் படாமல் செய்துவிட்டார்கள். ஒருவராவது அவரிடம் சொல்ல வேண்டும்.

நான் சொல்ல வேண்டியது இதுதான்: உங்கள் கால் ரொம்ப நன்றாக ஆடுகிறது. மாமாவின் குடையிடம் சொல்லிப் பார்த்தேன், வந்தது. கியாஸ் சிலிண்டரிடம் சொன்னேன், வந்தது. அவரிடம் போனால் அப்பளம் வேணுமா என்றுதான் வருகிறது.

மாமா கேட்டார்: “ஏட்டி, அந்தாளுக்கு மட்டும் அப்பளம் வேணுமான்னு கேக்க வாய் வருது. மத்தவனெல்லாம் மனுசன் இல்லையா?”

“அவிய மாடு, மாமா” என்றேன்.

மாமா என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்.

மே 12, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஆட்டம் முடிந்த பிறகு போனால் கூட்டத்தில் தைரியம் போய்விடுகிறது. அதனால் இன்று ஆட்டத்துக்கு முன்னாலேயே போனேன். சொல்லத்தான் போகிறேன், அதோடு கையில் ஒரு அப்பளமும் இருக்கட்டும் என்று பெரியதாகப் பார்த்து எடுத்தேன். மிளகாய்ப்பொடியை வழக்கத்தைவிட நிறையத் தூவினேன். மரியாதைக்கு.

“அப்பளம் வேணுமா?” என்றேன். (தெரிந்ததுதான்.)

அவர் தலையாட்டி வாங்கிக்கொண்டார். பாதி தின்பதற்குள் உள்ளே தவில் ஆரம்பித்துவிட்டது. மீதியை வாயில் திணித்துக்கொண்டு ஓடினார். கை கழுவவில்லை. துணிக்குள் புகுந்து குனிந்து துரைக்கண்ணுவின் இடுப்பைப் பிடித்தார். உள்ளே புழுக்கம் என்று துரைக்கண்ணு மேலே சட்டை போடுவதில்லை.

நான் இடுக்கில் கண்ணை வைத்தேன். முதலில் நன்றாகத்தான் இருந்தது. வேர்க்க வேர்க்கத்தான் அது நடந்தது. பின்பாதி திடீரென்று இழுபட்டது. கடைக்கு வெளியே ஓடி எட்டிப் பார்த்தால், மாட்டின் முன்பாதி ஒரு மாதிரி நெளிந்தது. ஜனங்கள் ரசித்தார்கள். பிறகு முன்பாதி குதித்தது. விசில் அடித்தார்கள். பிறகு மாட்டின் வயிற்றுக்குள்ளிருந்து, “அய்யோ, எரியுதே! டேய், கைய எட்றா! என்னாடா தடவுன!” என்று ஒரு குரல் வந்தது.

மாட்டுத் துணி ஒரே துணி இல்லை. வண்டியில் ஏற்ற வசதியாக இரண்டு பாதியாகத் தைத்து நடுவில் கொக்கி போட்டிருக்கிறார்கள். துரைக்கண்ணு ஓடிய ஓட்டத்தில் கொக்கியெல்லாம் பட் பட்டென்று தெறித்தது. முன்பாதி மேடையிலிருந்து குதித்து, கூட்டத்துக்குள் புகுந்து, கரும்புச் சாறு கடையின் ஐஸ் பெட்டியில் போய் உட்கார்ந்தது. தலையோடு. ஐஸுக்கு மேலே கொம்பு மட்டும் தெரிந்தது.

பின்பாதி ஓடவில்லை.

துணி முகத்தை மூடியிருந்ததால் கலியமூர்த்திக்கு ஒன்றும் தெரியவில்லை. தவில்காரர் அதிர்ச்சியில் அடித்துக்கொண்டே இருந்தார். தவில் நிற்காததால் அவரும் நிற்கவில்லை. தலை இல்லாத அரை மாடு, குனிந்தபடி, தனியாக, நடு மேடையில், அத்தனை அழகாக ஆடியது. கெண்டையைக்கூடச் சொறிந்தது. முதலில் மைதானம் அமைதியாக இருந்தது. பிறகு ராட்டினத்தில் இருந்தவர்கள் வரை கத்த ஆரம்பித்தார்கள்.

மாமா மிளகாய்ப்பொடி டப்பாவைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். மூடி வைத்தார்.

மே 13, செவ்வாய்

காலையிலேயே நுழைவாயிலில் தட்டி வைத்துவிட்டார்கள். “இரண்டாகப் பிரியும் அதிசயக் காளை! தினமும்!”

இனிமேல் தினமும் மாடு பிரிய வேண்டுமாம். பொருட்காட்சி நடத்துகிறவர்கள் குழுத் தலைவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். துரைக்கண்ணு இடுப்பில் தயிர் பூசிக்கொண்டு, யாரிடமும் பேசாமல் திரிகிறார். “எங்க பரம்பரையில மாடு பிரிஞ்சதே இல்ல” என்று தயிர்க்காரரிடம் மட்டும் சொன்னாராம்.

சாயங்காலம் பின்வாசலில் என்றும் இல்லாத கூட்டம். “பின்னங்கால்! பின்னங்கால்!” என்று கத்துகிறார்கள். துரைக்கண்ணு தலையோடு வந்து நின்றார். “அண்ணாச்சி, கொஞ்சம் விலகுங்க, மறைக்குது” என்று ஒருவர் சொன்னார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எல்லாரும் அவரைப் பார்த்துவிட்டார்கள். நான் செய்தது தப்பு இல்லை என்று நினைக்கிறேன். கூட்டத்தில் என்னால் கிட்டே போக முடியவில்லை. அதனால் பரவாயில்லை.

இன்று அவர் கெண்டையைச் சொறியவில்லை.

மே 15, வியாழன்

இன்று மைக் பிடிக்கிறவர் ஒரு காரியம் செய்தார். அரை மாடு தனியாக ஆடி முடித்ததும், “இந்தக் கால்களுக்குச் சொந்தக்காரர் யார்? முகத்தைப் பார்க்க வேண்டாமா?” என்று கேட்டார். “வேணும்!” என்று மைதானமே சொன்னது. அவர் துணியைப் பிடித்து உருவினார். விளக்கை முகத்தில் அடித்தார்கள்.

நான் கடைக்கு வெளியே ஓடிப் பார்த்தேன். கலியமூர்த்தி நின்றார். மைக்கை அவர் வாய்க்குக் கிட்டே நீட்டினார்கள். “ரெண்டு வார்த்தை பேசுங்க” என்றார்கள்.

அவர் பேசவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தார். வாய் திறந்திருந்தது. அதிலிருந்து காற்று மட்டும் வந்திருக்கும். எல்லாரும் காத்திருந்தார்கள். எங்கோ ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லாரும்.

அந்த நிற்பு எனக்குத் தெரியும். திங்கட்கிழமை பிரேயர், வெயில், எல்லா வகுப்பும் வரிசையாக, உறுதிமொழி அட்டை கையில்.

எனக்கு வயிறு வலித்தது. சோடா குடித்தேன்.

மே 16, வெள்ளி

மாடாட்டம் இல்லை. கலியமூர்த்திக்கு வயிற்றுவலியாம். பஸ் ஏறி ஊருக்குப் போகிறேன், இனிமேல் ஆட்டத்துக்கே வரமாட்டேன் என்கிறாராம். பஜ்ஜிக் கடை அக்கா, “பேரு வந்ததும் ஆளு மாறிட்டாரு, பாத்தியா?” என்றாள்.

அந்த வயிற்றுவலிக்கு மாத்திரை கிடையாது. அக்காவிடம் சொல்லலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

மாமா ரகசியமாகச் சொன்னார்: “ஞாயித்துக்கெழம பொருட்காட்சி முடியுது, பிரமு. உங்க அம்மைட்ட போன்ல பேசிட்டேன்.”

மே 17, சனி

எல்லாம் இன்றுதான் நடந்தது.

நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கிறது என்று கலியமூர்த்தியைக் கெஞ்சி மேடைக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள். பின்பாதியைக் கட்டிவிட்டார்கள். தகரக் கதவுக்கு வெளியே முன்கூட்டியே கூட்டம் சேர்ந்துவிட்டது. கதவு திறந்ததும், “பின்னங்கால் வந்தாச்சு! மூஞ்சியக் காட்டு!” என்று பாய்ந்தார்கள்.

என்ன நடக்கிறது என்று நான் எட்டிப் பார்ப்பதற்குள், எங்கள் கடைக்குள் அரை மாடு ஓடிவந்தது. நேராக வந்து அப்பள மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டது. நான் எண்ணெய்க் கரண்டியோடு நின்றேன். மாமா அப்போது கக்கூஸ் போயிருந்தார்.

கூட்டம் வந்தது. செல்போனை உயர்த்திப் பிடித்த நிறையக் கைகள். முன்னால் நின்ற ஆள் கேட்டார்: “ஏ பாப்பா, மாடு இங்கனதான வந்துது?”

நான் வாயைத் திறந்தேன். காற்று வந்தது.

அவர் குனிந்து பார்த்தார். “ஏல, மேசைக்கு அடியில வாலு தெரியுதுல!”

மேஜைத் துணிக்குக் கீழே வால் நீட்டிக்கொண்டிருந்தது. அது நடுங்கியது.

“அது கடை பெருக்குத வாரியல்” என்றேன்.

“வாரியல் ஆடுமா?”

“காத்துக்கு ஆடுது.”

“காத்தே இல்லையே பாப்பா.”

அடுத்து என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அது தொண்டைக்குள் இரண்டு வாரமாகக் கிடந்தது. மொத்தமாக வெளியே வந்தது.

“டெல்லி அப்பளம்! டெல்லி அப்பளம்! சூடான டெல்லி அப்பளம்! வாங்க, வாங்க, முறத்தளவு அப்பளம்! வாலாவது மண்ணாவது, அப்பளத்தப் பாருங்க அண்ணாச்சி!”

பஜ்ஜிக் கடையின் மைக்கை விடச் சத்தமாக இருந்தது. முன்னால் நின்ற ஆள் ஓர் அடி பின்னால் போனார். ராட்டினக்காரர் ராட்டினத்தை நிறுத்திவிட்டார். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. கத்திக்கொண்டே பொரித்தேன், பொரித்துக்கொண்டே கத்தினேன். எல்லார் கையிலும் ஒரு அப்பளம் வந்துவிட்டது. டெல்லி அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவராலும் குனிய முடியாது. அவ்வளவு பெரியது. செல்போனையும் பிடிக்க முடியாது.

மாமா ஓடிவந்தார். கூட்டத்தைப் பார்த்தார். “எவட்டி கத்துனது?” என்று ரகசியமாகக் கேட்டார். நான் அவர் காதிலேயே, “டெல்லி அப்பளம்!” என்றேன். மாமா காதைப் பொத்திக்கொண்டு, கூட்டத்தைத் தானே சமாளிப்பதாகச் சைகை காட்டினார்.

நான் மேஜைக்குப் பக்கத்தில், அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

“தங்கச்சி, போயிட்டாங்களா?” என்று மேஜை கேட்டது.

“இல்ல. அப்பளம் திங்காவ.”

மேஜைக்கு அடியில் சலங்கை அசைந்தது. பிறகு, “ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? எனக்கு அப்பளம் ஆகாது. எண்ணெய் ஒத்துக்காது. ராத்திரியெல்லாம் நெஞ்சு கரிக்கும்.”

“பொறவு எதுக்குத் தினமும் வாங்கித் தின்னிய?”

“வேணாம்னு சொல்லணும்ல. வாய் வரல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. மேஜையும் குலுங்கியது. அதில் தைரியம் வந்து, மிளகாய்ப்பொடி நான் போட்டதுதான் என்று சொன்னேன். தலையை மட்டுமே எல்லாரும் பார்க்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரம், நீங்கள் இப்படி ஆவீர்கள் என்று நினைக்கவில்லை என்றும் சொன்னேன்.

“யாரும்மா என்னைப் பாக்கச் சொன்னா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. “துரைக்கண்ணு தலை வேணும்னு கேட்டான். நான் பின்னாடி வேணும்னு கேட்டு வாங்கிட்டேன். உள்ள குனிஞ்சுட்டா தவில் மட்டும்தான் கேக்கும். ஒரு மூஞ்சியும் தெரியாது. அதுக்குள்ளாற இருந்தா என்னால எதுவும் ஆட முடியும். வெளியில வந்தா, நிக்கக்கூட வரல.”

எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் நான் நிற்கிற இடத்தைப் பார்த்தேன்.

அப்போதுதான் சொன்னேன். திரும்பிப் பார்க்காமல், சிலிண்டரைப் பார்த்துச் சொன்னேன். “உங்க கால் ரொம்ப நல்லா ஆடுது. கெண்டையச் சொறியும்லா, அதுக்காகவே நான் தினமும் அப்பளத்தக் கருகவிட்டேன். தலைக்கு மூக்கு இருக்கா, இல்லையான்னே எனக்குத் தெரியாது.”

சொல்லி முடித்த பிறகுதான் திரும்பினேன். போய்விட்டாரோ என்று பார்த்தேன். வால் இருந்தது.

“இத என் மூஞ்சிக்கு நேரா சொல்லாம இருந்தியே, அதுவே போதும்” என்றார். பிறகு, “தங்கச்சி, ஊசி இருக்கா?” என்று கேட்டார்.

கடையில் அப்பளச் சாக்குத் தைக்கிற கோணி ஊசியும் சணலும் உண்டு. துரைக்கண்ணுவைக் கூப்பிட நான்தான் போனேன். “அண்ணாச்சி, ஒங்க முன்பாதிய எடுத்துட்டு வாங்க” என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. தலையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாக வந்தார். மேஜையைப் பார்த்து, “டேய் கலியா, கைய கழுவிட்டியா?” என்றார்.

“கழுவிட்டேன்டா.”

“சோப்பு போட்டா?”

“போட்டுத்தான்டா.”

துரைக்கண்ணு உட்கார்ந்து துணியைப் பிடித்துக்கொண்டார். நான் தைத்தேன். கொக்கி இல்லை, இரட்டைச் சணல், சாக்குத் தையல். தைத்து முடித்ததும் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துப் பார்த்தார்கள். துரைக்கண்ணு முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எண்ணெய்ப் புகை” என்றார்.

மே 18, ஞாயிறு

கடைசி நாள். காலையிலிருந்து கடைக்கு முன்னால் நின்று கூப்பிடுகிறேன். மாமா பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டார். மதியம் அம்மாவிடம் போனில் ஏதோ பேசினார். அவர் பேசியது அம்மாவுக்குக் கேட்கவில்லை போல. போனை என்னிடம் நீட்டி, “நீயே சொல்லு. அடுத்த மாசம் தூத்துக்குடி பொருட்காட்சி. மில்லு வேண்டாம்னுட்டேன்னு சொல்லு” என்றார். சொன்னேன். “யாரு பேசுதது?” என்று அம்மா கேட்டாள்.

ஆட்ட நேரத்துக்கு மட்டும் சட்டிக்குப் பின்னால் வந்துவிட்டேன். காளை முழுசாக வந்தது. மைக் பிடிக்கிறவர், “இதோ! இப்போது காளை இரண்டாகப் பிரியும்!” என்றார். காளை பிரியவில்லை. “பிரியும்!” என்றார் மறுபடியும். காளை அவரைச் சுற்றி வந்து முட்டியது. அவரே வாலைப் பிடித்து இழுத்தார். மேடையில் மற்றவர்களும் சேர்ந்து இழுத்தார்கள். சணல் அசையவில்லை. காளை அவர்களை இழுத்துக்கொண்டு ஆடியது. ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தலை கண்ணடித்திருக்கும். அந்தப் பக்கம் பெரிய கைதட்டல்.

பின்பாதி என் இடுக்குக்கு நேரே வந்தது. இடது கால் எழுந்து வலது கெண்டையைச் சொறிந்தது. கீழே இறங்கவில்லை. தகரத்தைப் பார்த்து ஒருமுறை ஆடிவிட்டுத்தான் இறங்கியது.

நான் கத்தவில்லை. எண்ணெயில் கிடந்த அப்பளம் கறுத்து, சுருண்டு, புகைந்தது. மாமா அதைக் கம்பியால் எடுத்துத் தூரப் போட்டுவிட்டு, எனக்குப் பின்னால் வந்து குனிந்து, இடுக்கில் அவருக்கும் கொஞ்சம் இடம் கேட்டார்.